ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை: என் தம்பியின் மூன்றரை ஆண்டுகளிலிருந்து ஒரு மதிப்புரை

அறுவைக்கு முந்தைய வாரம் என் தம்பியின் மதிப்பெண் 36. சென்ற மாதம் எடுத்தபோது 19. ஓசிடி என்ற மனநோயின் கடுமையை அளக்க மனநல மருத்துவர்கள் கையாளும் யேல்-பிரவுன் அளவுகோலில் பத்துக் கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 40 மதிப்பெண். 32-ஐத் தொட்டுவிட்டால் நோய் உச்சத்தில் இருக்கிறது என்று பொருள், 16 முதல் 23 வரை மிதமான நிலை. ஆகவே அவன் குணமாகிவிட்டான் என்று நான் எழுதப்போவதில்லை. நாளில் பதினான்கு மணி நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு நோய் இப்போது மூன்று மணி நேரத்தோடு நின்றுகொள்கிறது. மிச்ச நேரத்தில் அவன் வேலைக்குப் போகிறான், சண்டை போடுகிறான், தூங்குகிறான். மூளைக்குள் மின்கம்பி வைத்துத் தூண்டும் இந்தச் சிகிச்சையை நெருங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு, நாங்கள் அன்று தேடி அலைந்த விவரங்களை ஒரே இடத்தில் வைத்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்லப்படும் ஓசிடியை, சுத்தத்தில் சற்று கூடுதல் அக்கறை என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்கிறேன். தம்பி குளிக்கப் போனால் ஐந்து மணி நேரம் ஆகும். அந்த ஐந்து மணி நேரத்தின் முடிவில் நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "சரியாயிடுச்சு" என்று மூன்று முறை, ஒரே குரலில், ஒரே இடைவெளியில் சொல்ல வேண்டும். நடுவில் இருமல் வந்தாலோ, மூன்றாவது முறை குரல் சற்று இறங்கினாலோ, தண்ணீர்க் குழாய் மறுபடியும் திறக்கும் சத்தம் கேட்கும். இப்படிப் பதினொரு ஆண்டுகள் நின்றிருக்கிறேன். அவன் விரல் மடிப்புகள் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவே புதிய அசுத்தமாகிவிடும். தான் செய்வது அர்த்தமற்றது என்பது அவனுக்கு முழுமையாகத் தெரியும், தெரிந்துகொண்டேதான் செய்வான் என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

இப்போது சேவையின் முதல் பகுதிக்கு வருகிறேன். அறுவை செய்யலாமா கூடாதா என்று முடிவு செய்யும் கட்டத்தைத்தான் சொல்கிறேன். என் மதிப்பீட்டில் ஒரு மையத்தின் தரம் இங்கேயே தெரிந்துவிடும். நாங்கள் முதலில் போன மருத்துவமனையில் இருபது நிமிடம் பேசினார்கள், பழைய சீட்டுகளைப் புரட்டினார்கள், தேதி கொடுக்கலாம் என்றார்கள். மனநல மருத்துவர் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. அன்றைக்கு எங்களுக்கு இருந்த களைப்பில் நான் சம்மதித்திருப்பேன். தம்பிதான், "என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலையேக்கா" என்று எழுந்துவிட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

இரண்டாவதாகப் போன மையத்தில் மனநல மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர், உளவியலாளர் மூவரும் தனித்தனியே இரண்டு நாட்கள் அவனோடு பேசினார்கள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்தபோது எங்களுக்கே அதிர்ச்சியாக இருந்தது. பதினெட்டு ஆண்டு நோயில் எத்தனையோ மாத்திரைகள் சாப்பிட்டிருக்கிறான், ஆனால் முறையான அளவில், முறையான காலத்துக்குச் சாப்பிட்டவை இரண்டே இரண்டு. ஓசிடிக்கு மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவில், பன்னிரண்டு வாரமாவது மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். குளோமிப்ரமின் என்ற பழைய, ஆனால் வலுவான மருந்தை அவனுக்கு 75 மில்லிகிராமில் ஆறு வாரம் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். அதைவிட முக்கியமாக, இந்த நோய்க்கு முதல் வரிசைச் சிகிச்சையான எதிர்கொள்ளல் பயிற்சி அவனுக்கு ஒருபோதும் தரப்படவில்லை. அசுத்தம் என்று அஞ்சுகிற பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல், அச்சம் தானாகத் தணியும்வரை உட்கார்ந்திருக்கும் பயிற்சி அது. 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த வழி. அவனுக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் ஆலோசனை என்ற பெயரில் ஆறுதல் பேச்சு.

"இப்போது அறுவை இல்லை, ஓராண்டு கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு திரும்பும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். இன்று யோசித்துப் பார்த்தால், நாங்கள் பெற்ற சேவையிலேயே உயர்ந்தது அந்த மறுப்புதான். மையத்துக்கு மையம் சிறிது வேறுபட்டாலும், பொதுவாக எதிர்பார்க்கப்படுவது இதுதான்: குறைந்தது ஐந்தாண்டு நோய், குளோமிப்ரமின் உட்பட மூன்று மருந்துகள் உரிய அளவில், அவற்றோடு ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் போன்ற துணை மருந்துகள், இருபது அமர்வுக்குக் குறையாத எதிர்கொள்ளல் பயிற்சி, இவ்வளவுக்குப் பிறகும் இறங்காத மதிப்பெண். இவற்றை முடிக்காத ஒருவருக்கு மூளையில் கை வைக்க ஒப்புக்கொள்ளும் இடத்துக்குப் போகவே வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் படிகளில் ஏறும்போதே தேறிவிடுபவர்கள் உண்டு. தம்பி தேறவில்லை. உள்நோயாளியாகத் தங்கி, கதவுக் கைப்பிடியைத் தொட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வியர்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்று இரவு மொத்தக் கணக்கையும் சேர்த்துக் கழுவினான். நாற்பது நாட்கள் நேர்மையாக முயன்றான். மதிப்பெண் 33-க்கு இறங்கி, மறுபடி 36-க்கு ஏறியது. தலைக்கு வெளியிலிருந்து காந்த அலைகளால் தூண்டும் முறையையும், 2018-இல் அமெரிக்காவில் ஓசிடிக்கு அனுமதி பெற்ற சிகிச்சை அது, முழுச் சுற்றும் செய்து பார்த்தோம். அவனுக்குப் பயன் தரவில்லை.

மூளை அறுவை என்றதும் எங்கள் அப்பா சொன்ன முதல் சொல், "மூளையைக் கிளறுறதா?" அந்தப் பயம் வரலாற்றிலிருந்து வந்தது, அதை அலட்சியமாகத் தட்டிவிட முடியாது. 1935-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த மூளை முன்மடல் அறுவைக்கு 1949-இல் நோபல் பரிசே கிடைத்தது. அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் அதைக் கண்குழி வழியாகக் கூர்முனைக் கருவியைச் செலுத்திச் சில நிமிடங்களில் முடிக்கிற வேலையாக மாற்றினார். பேச்சும் சுயமும் இழந்து வாழ்நாள் முழுக்கக் கிடந்தவர்கள் ஏராளம். அப்பாவிடம் இதை மறைக்காமல் எடுத்துச் சொன்ன மருத்துவர், அன்று செய்தது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தோட்டத்தையே வெட்டுவது, இன்று செய்வது எந்த மரத்தின் எந்தக் கிளை என்று படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடுவது என்றார். 1940-களின் இறுதியில் தலையில் சட்டகம் பொருத்தி மில்லிமீட்டர் கணக்கில் இடம் குறிக்கும் முறை வந்ததும், பின்னாளில் சிடி, எம்ஆர்ஐ படங்கள் அதோடு சேர்ந்ததும்தான் இந்த மாற்றத்துக்குக் காரணம். அப்பா முழுவதும் சமாதானமாகவில்லை. ஆனால் தம்பியின் முடிவுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

என்ன செய்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சுற்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியிலிருந்து மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளுக்கும், அங்கிருந்து மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற செய்தி நிலையத்துக்கும், அங்கிருந்து மறுபடி முன்மூளைக்கும் செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏதோ தவறாகிவிட்டது, சரிசெய் என்ற எச்சரிக்கை இந்தச் சுற்றில்தான் எழுகிறது. சரிசெய்ததும் அடங்க வேண்டும். ஓசிடியில் அது அடங்குவதில்லை. அறுவை முறைகள் எல்லாமே இந்தச் சுற்றின் ஏதோவோர் இடத்தில் குறுக்கிடுகின்றன. சிங்குலாட்டமி என்பது மூளையின் நடுப்பக்கமுள்ள சிங்குலேட் பட்டையில் சிறு புண் உண்டாக்குவது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1962 முதல் செய்யப்படுகிறது. அங்கிருந்து 2002-இல் வெளியான அறிக்கையில் 44 நோயாளிகளில் 32 விழுக்காட்டினர் நல்ல பலனும், 14 விழுக்காட்டினர் ஓரளவு பலனும் அடைந்திருந்தார்கள். கேப்சுலாட்டமி என்பது உள்ளுறை என்ற நரம்புக் கற்றையின் முன்பகுதியில் புண் உண்டாக்குவது. இதை மண்டையைத் திறக்காமலே காமா நைஃப் என்ற கருவி குவிக்கும் கதிர்களால் செய்ய முடியும். ஆனால் பலன் தெரிய மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுவரை ஆகும், கதிர் பட்ட இடத்தில் வீக்கமோ நீர்க்கட்டியோ பின்னாளில் வரும் அபாயமும் உண்டு. இவை இரண்டிலும் உண்டாக்கிய புண்ணைத் திரும்பப் பெற முடியாது. பதிலுக்கு, உடலில் கருவி எதுவும் இருக்காது, பேட்டரிக் கவலை இருக்காது, மாதாமாதம் மையத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. தொலைவில் இருப்பவர்களுக்கும் தொடர் கவனிப்பு கிடைக்காதவர்களுக்கும் இது சிறிய விஷயமில்லை என்று இப்போது உணர்கிறேன்.

தம்பி தேர்ந்தெடுத்தது ஆழ்மூளைத் தூண்டல், சுருக்கமாக டிபிஎஸ். பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதத்துக்குச் செய்யும் அதே சிகிச்சைதான். மெல்லிய மின்முனைக் கம்பிகள் இரண்டை மூளையின் இரு பக்கமும் இறக்கி, தோலுக்கடியில் கழுத்து வழியாக வயரைக் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே பேட்டரியோடு இணைத்துவிடுகிறார்கள். ஓசிடிக்கு இதை முதலில் பயன்படுத்தி 1999-இல் வெளியிட்டவர்கள் பெல்ஜியத்தின் லூவெனில் பார்ட் நட்டின் தலைமையிலான குழுவினர். "வேண்டாம்னா அணைச்சுடலாம், அது போதும் எனக்கு" என்றான் தம்பி. தன் கையே தன் பேச்சைக் கேட்காமல் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்தவனுக்கு, அணைக்கக்கூடிய ஒன்று என்பதே பெரிய விஷயமாக இருந்திருக்க வேண்டும்.

அறுவை நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயந்த அளவுக்கு அது கடினமாக இல்லை. காலையில் தலையில் சட்டகம் மாட்டும்போது திருகுகள் அழுத்திய நான்கு இடங்கள்தான் மிகவும் வலித்தன என்றான். கம்பிகளை இறக்கும்போது அவன் விழித்திருந்தான். மின்னோட்டத்தைச் சற்று சற்றாக ஏற்றியபோது ஓரிடத்தில், காரணமே இல்லாமல், உதட்டின் ஒரு பக்கம் தானாக விரிந்து சிரித்திருக்கிறான். மேசைக்கு அருகில் நின்ற மனநல மருத்துவர் உடனே அந்த அளவைக் குறித்துக்கொண்டாராம். கம்பி இறங்கிய அந்தப் பகுதியைத் தூண்டும்போது பலருக்கு இப்படிப் புன்னகை வருவதுண்டு, அது நல்ல அறிகுறியாகக் கருதப்படுகிறது என்று பிறகு விளக்கினார்கள். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவன் சிரித்தான் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு அப்போது அது தெரியவே தெரியாது. மொட்டைத் தலையோடு வெளியே வந்தவன் தண்ணீர் கேட்டான், டம்ளரை உற்றுப் பார்த்தான், குடிக்கவில்லை. ஆக, நோய் அப்படியேதான் இருந்தது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அறுவை முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் முதல் மாதத்திலேயே உடைந்துபோவார்கள். கருவியை இயக்குவதே சில வாரங்கள் கழித்துத்தான். எந்த மின்முனை, எத்தனை வோல்ட், எவ்வளவு அகலமான துடிப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, அவனுக்கு ஏற்ற அமைப்பைக் கண்டுபிடிக்க ஒன்பது மாதங்கள் ஆயின. மாற்றங்கள் வந்த வரிசையும் எங்களுக்குப் புதிதாக இருந்தது. முதலில் மனநிலை உயர்ந்தது, அந்த அறையிலேயே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே. பதற்றம் சில நாட்களில் தணிந்தது. எண்ணங்கள் வாரங்கள் கழித்துச் சன்னமாயின. கை கழுவுவது மட்டும் மாதக்கணக்கில் அசையவே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் டாமியான் டெனிஸ் குழுவினர் தங்கள் நோயாளிகளிடம் கவனித்ததும் ஏறக்குறைய இதே வரிசைதான் என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்காவது மாதத்தில் அளவை ஏற்றிய மூன்றாம் நாள், இரவு மூன்று மணிக்குத் தம்பி தொலைபேசியில் அழைத்தான். தூக்கமே வரவில்லை, மூன்று தொழில்களுக்குத் திட்டம் போட்டுவிட்டேன், ஒன்றில் நீயும் சேர்ந்துகொள் என்று மூச்சுவிடாமல் பேசினான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் அப்படி உற்சாகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. காலையில் மையத்துக்குச் சொன்னதும் அன்றே வரவழைத்து அளவைக் குறைத்தார்கள். மித மனவெழுச்சி என்ற இந்தப் பக்கவிளைவு இந்தச் சிகிச்சையில் நன்கு அறியப்பட்டது, பெரும்பாலும் அளவைக் குறைத்தால் அடங்கிவிடும். ஆனால் உடன் இருப்பவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று நாட்களில் அவன் சேமிப்பை எடுத்து எங்கேயாவது போட்டிருந்தால் தடுத்திருப்பேனா என்று இப்போதும் எனக்கு உறுதியில்லை.

கழுவும் பழக்கத்தை மாற்றியது கருவி மட்டுமில்லை. ஐந்தாவது மாதத்திலிருந்து அதே எதிர்கொள்ளல் பயிற்சியை மறுபடி தொடங்கினார்கள். அதே கதவுக் கைப்பிடி, அதே மடி, அதே இரண்டு மணி நேரம். இம்முறை நாற்பது நிமிடத்தில் பதற்றம் இறங்கியது. தம்பி அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது: "முன்னாடி நெனப்பு வர்றதும் கை போறதும் ஒண்ணாவே இருக்கும்க்கா. இப்ப நடுவுல கொஞ்சம் எடம் இருக்கு." அந்தக் கொஞ்சம் இடத்தைத்தான் மின்சாரம் கொடுத்தது. அதில் என்ன செய்வது என்பதைப் பயிற்சிதான் கற்றுக்கொடுத்தது. அவன் மதிப்பெண் 36-லிருந்து 27-க்கு வந்தது கருவியால், 27-லிருந்து 19-க்கு வந்தது பயிற்சி சேர்ந்த பிறகு. இந்த இரண்டாவது பகுதியை அறுவைச் செலவுக்குள்ளேயே ஒரு கூறாக வைத்துக்கொள்ளாமல், விருப்பமிருந்தால் வெளியே பார்த்துக்கொள்ளலாம் என்கிற மையங்களும் இருக்கின்றன. அப்படிச் சொல்லும் இடத்தில் பாதிச் சிகிச்சைதான் கிடைக்கிறது.

ஒரு நாள் மாலை நான் வழக்கம்போலக் குளியலறைக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே தண்ணீர் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள், "சொல்லாதக்கா, நீ போ" என்ற குரல் வந்தது. நான் போகாமல் அங்கேயே நின்றேன். எனக்கும் அது பழகிவிட்டிருந்தது. குடும்பத்தாருக்கும் தனியாகச் சில அமர்வுகள் தர வேண்டும் என்று உளவியலாளர் வற்புறுத்தியதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. பதினொரு ஆண்டுகளாக நான் செய்தது உதவி என்று நினைத்திருந்தேன். நோய்க்கு அதுவும் தீனிதான்.

இந்தச் சேவையில் எனக்குக் கடுமையான குறை ஒன்று உண்டு. அது பேட்டரியைப் பற்றியது. முதலில் வைத்தது சார்ஜ் செய்ய முடியாத வகை. ஓசிடிக்குத் தேவைப்படும் மின் அளவு பொதுவாக நடுக்குவாதத்தைவிட அதிகம் என்பதால் பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். எங்களிடம் சில ஆண்டுகள் வரும் என்று மட்டும் சொன்னார்கள். இருபத்திரண்டாம் மாதம் ஒரு வாரத்தில் தம்பி எரிச்சலாக இருந்தான், தூக்கம் கெட்டது, மூன்றாம் நாள் குளியல் இரண்டு மணி நேரமாயிற்று, ஐந்தாம் நாள் என்னைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னான். மனம் தளர்ந்துவிட்டது, மருந்து சாப்பிடவில்லை, வேலையில் நெருக்கடி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோமே தவிர, பேட்டரியை யாரும் நினைக்கவில்லை. மையத்தின் எண்ணுக்கு மூன்று நாட்கள் அழைத்தும் பொறுப்பான ஒருவரோடு பேச முடியவில்லை; நேரில் போய் நின்ற பிறகுதான் சோதித்துப் பார்த்து, தீர்ந்துவிட்டது என்றார்கள். மாற்று அறுவைக்கு மேலும் பத்து நாட்கள். அந்தப் பத்து நாட்களில் அவன் உயிரோடு இருப்பானா என்று பயந்து நான் இரவில் அவன் அறையிலேயே படுத்துக்கொண்டேன். திடீரென்று தூண்டல் நின்றால் நோயும் மனச்சோர்வும் வேகமாகத் திரும்பும், தற்கொலை எண்ணமும் வரலாம் என்பதை எழுத்தில் கொடுத்து, அவசர எண் ஒன்றைக் கையில் தராத மையத்தை, அறுவை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும், என்னால் முழு மனதோடு பாராட்ட முடியவில்லை.

இரண்டாவது முறை சார்ஜ் செய்யும் வகையை வைத்தார்கள். நெஞ்சின் மேல் ஒரு வட்டத் தட்டை வைத்து வாரம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். இதில் வேறொரு சிக்கல் வந்தது. ஓசிடி உள்ளவரின் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது உடனே புரியும். கையில் ரிமோட் இருக்கிறது, அதில் பேட்டரி எத்தனை விழுக்காடு என்று தெரிகிறது. பார்த்தான், மறுபடி பார்த்தான், முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு அறுபது முறை பார்த்தான். சிகிச்சைக் கருவியே புதிய சடங்காகிவிட்டது. ரிமோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மட்டும் வாங்கிக்கொள்வது என்று உளவியலாளர் ஒரு பயிற்சியாக அதை மாற்றினார். கருவி தயாரிப்பவர்கள் நடுக்குவாத நோயாளியை மனதில் வைத்துச் செய்த ரிமோட் அது. ஓசிடி நோயாளிக்கு எண்கள் இல்லாத, பச்சை அல்லது சிவப்பு என்று மட்டும் காட்டும் ஒன்று போதும்.

எண்களைக் கேட்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். 2008-இல் பிரான்சில் 16 நோயாளிகளிடம், கருவி இயங்குகிறதா இல்லையா என்று நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாமல் நடந்த ஆய்வில், இயங்கியபோது சராசரி மதிப்பெண் 19, இயங்காதபோது 28. அதே ஆய்வில் ஒருவருக்கு மூளையில் ரத்தக் கசிவும் ஏற்பட்டது. ஆம்ஸ்டர்டாம் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்விலும் 16 பேர்தான்; அவர்களில் 9 பேருக்குக் குறிப்பிடத்தக்க பலன். மதிப்பெண் 35 விழுக்காடு குறைந்தாலே பலன் என்று இந்தத் துறையில் கணக்கு வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 36 என்பது 23 ஆனால் அது வெற்றிக் கணக்கில் சேரும், வீட்டில் அது இன்னும் கனமான நோய்தான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-இல் கொடுத்த அனுமதியும் முழுமையான வழக்கமான அனுமதி இல்லை; மிகச் சிலருக்கே தேவைப்படும் கருவிகளுக்கு மனிதாபிமான அடிப்படையில் தரும் விலக்கு. எங்களோடு அதே மாதத்தில் அறுவை செய்துகொண்ட இன்னொருவருக்கு இரண்டு ஆண்டுகளாகியும் எந்த மாற்றமும் இல்லை. அவர் மனைவியும் நானும் காத்திருப்பு அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். தம்பி எப்படியிருக்கிறான் என்று அவர் கேட்கும்போது என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

மையத்தைத் தேர்ந்தெடுக்கப்போகிறவர்கள் அறுவை மருத்துவரின் அனுபவத்தைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தொற்று வந்தால் கம்பியை முழுதாக எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதால் அந்த விவரத்தையும் கேளுங்கள். ஆனால் அதைவிட முக்கியமாக, எத்தனை பேருக்கு வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். கருவியின் அளவை மாற்றப்போகிறவர் மனநல மருத்துவரா, அவருக்கு ஓசிடியில் பயிற்சி உண்டா, அவர் விடுப்பில் போனால் யார் என்று கேளுங்கள். பேட்டரி தீர்ந்தால் எத்தனை நாளில் மாற்றுவார்கள், அந்தச் செலவை யார் ஏற்பது என்று எழுதி வாங்குங்கள். பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் அந்தக் கருவியோடு எடுக்க முடியுமா, எந்த நிபந்தனையில் என்று தெரிந்துகொள்ளுங்கள். உடல்வலிக்கு டயதெர்மி என்ற வெப்ப அலைச் சிகிச்சை கொடுக்கும் இடங்களில் கருவி இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும், அந்த அலைகளின் ஆற்றல் கம்பி வழியாக மூளைக்குப் போனால் பெருந்தீங்கு. பெற்றோரின் வற்புறுத்தலுக்காக ஒப்புக்கொள்கிறவரை எந்த நல்ல மையமும் ஏற்காது. தம்பியைத் தனியறையில் வைத்து மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாட்களில், உனக்கு இது வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றாம் முறை அவன் கோபப்பட்டான். அதன் பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள்.

இதை அவனிடம் படிக்கக் கொடுத்தேன். மாத்திரையைப் பற்றி எழுதவில்லையே என்றான். ஆம், அவன் இப்போதும் ஃப்ளூவாக்சமின் சாப்பிடுகிறான், அளவு மட்டும் பாதியாகியிருக்கிறது. அறுவை முடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொல்லி, முதல் ஆண்டில் அவனாகவே மூன்று வாரம் நிறுத்திப் பார்த்து, மதிப்பெண் ஐந்து ஏறியிருக்கிறது. எனக்கே இப்போதுதான் சொல்கிறான். அடுத்த அளவுமாற்றம் வரும் புதன்கிழமை. இம்முறை தனியாகப் போய்வருகிறேன் என்றிருக்கிறான்.